உள்ளமும் உடலும்

மக்கட்கு வரும் நோய்களை உடல்நோய் என்றும் மனநோய் என்றும் இரு கூறாக வகுத்து, அவற்றிடையே பெருஞ்சுவர் ஒன்று எழுப்பிவிடுதல் உலக வழக்கு. பேச்சிற்கு இப்பாகுபாடு எளிது. உண்மைக்கு ஒத்ததோவெனின், அன்று. உள்ளம் வருந்துங்கால் உடல் வருந்துவது எவ்வாறு? அவ்வறிவைக் கொண்டு நோயாளர்க்கு உதவுதல் இயலுமோ? இவ்விரு வினாக்களையும் ஆராய்வோரே உடல்நல உளநூலார். அவர் கைக்கொள்ளும் உண்மைகளுள் சிலவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

1822-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், வட அமெரிக்காவிலுள்ள மாக்கினாத் தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞன் தற்செயலாக வெடித்த துப்பாக்கியால் விலாப்புறத்தே காயமுற்றான். படை மருத்துவராகிய வில்லியம் போமான்ட் அவன் உயிரைக் காத்தார். ஆயினும் இரைப்பையிற் பட்ட துளை மூடாது நின்றுவிட்டது. அத்துளையையே சாளரமாகக் கொண்டு, உணவு சீரணமாகும் வகையைப் போமான்ட் பல ஆண்டுகள் கண்ணாற் கண்டு ஆராய்ந்து, 1833-இல் நூலாக வெளியிட்டார். சினமும் அச்சமும் இரைப்பையின் உட்புறத் தோற்றத்தை மாற்றிச் சீரணத்தைத் தடுத்தலையும் அவர் அதிற் குறித்துள்ளார். உண்ணும்போது கோபம் ஆகாது என்று நம் இல்லத்துப் பெரியோர் கூறுவது வெற்றுரையன்று.

இதன் காரணத்தை விளக்கியவர்களுள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வால்ட்டர் கானன் முதன்மையானவர். எக்ஸ் கதிரின் துணையால் பூனையின் இரைப்பையை நோக்கிய அவர், அப்பூனை கலக்கமுற்றவுடன் இரைப்பையின் அசைவு நின்றுவிடக் கண்டார். பகை எதிர்ப்படின், போரிடுதற்கோ ஓடுதற்கோ உடல் ஆயத்தமாதல் வேண்டுமன்றோ? அதன்பொருட்டு நரம்புகள் ஏவ, சிறுநீரகங்களின் மேலமைந்த அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளை இரத்தத்திற் கலக்கின்றன. நெஞ்சு விரைந்து துடிக்கிறது. தசைகட்கு இரத்தம் மிகுதியாகப் பாய்கிறது. சீரணத் தொழில் ஓய்கிறது. புலி எதிர்ப்பட்ட வேளையில் இவ்வேற்பாடு பெருந்துணையே. கடனும் வழக்கும் பரீட்சையுமோ புலியைப்போற் கணத்தில் வந்து கணத்தில் மறைவன அல்ல. நீடித்த கவலையில், உயிர்காக்க அமைந்த இவ்வேற்பாடே உடலை நலிவிக்கின்றது.

இதற்கு, மாணாக்கர் சிந்தித்தற்குரிய சான்று ஒன்று உண்டு. 1998-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பல் மருத்துவ மாணாக்கர் 11 பேர் தாமே இசைந்து, மேல்வாயில் 3.5 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு புண்ணை இருமுறை ஏற்றுக்கொண்டனர்; ஒருமுறை கோடை விடுமுறையில், மறுமுறை பரீட்சைக்கு 3 நாள் முன்னர். பரீட்சைக் காலத்துப் புண் ஆறுதற்குச் சராசரி 3 நாள் மிகுதியாயிற்று. விடுமுறையிற்போல் விரைவாக ஆறப்பெற்றவர் அவருள் ஒருவரும் இலர்.

இனி, நோயாளர்க்கு இவ்வறிவு உதவுமாறு காண்போம். பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வயிற்றில் சத்திர சிகிச்சை பெறவிருந்த 97 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவாரிடம் மட்டும் மயக்க மருந்தளிக்கும் மருத்துவர் சென்று, வலி எவ்விடத்து உண்டாகும், எவ்வளவு நாள் நீடிக்கும், தசை இறுகினால் அது மிகுவது ஏன், தசையைத் தளர்த்துவதும் படுக்கையிற் புரள்வதும் எங்ஙனம் என்பவற்றைப் பொறுமையோடு விளக்கினார். அவர்கட்கு வேண்டியிருந்த நோவுதணி மருந்து மற்றையோர்க்கு வேண்டியதில் ஏறக்குறையப் பாதியே. அவர்கள் வீடு திரும்பியதும் சராசரி 2 நாளுக்கு மேல் முன்னதாகவே. 1964-இல் வெளியான இவ்வாராய்ச்சி, நல்லுரையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பே என்பதைக் காட்டிற்று. இற்றை உளநூலார் தசை தளர்த்தும் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, அச்சந்தரும் எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் முறை முதலியவற்றை மருந்தோடு சேர்த்தே வழங்குகின்றனர்.

நிற்க. இங்கு இரு பிழைகள் நேர்தற்கு இடமுண்டு. உடலிற் குறை ஒன்றும் காணாதவிடத்து, "எல்லாம் உன் மனப்பிரமை" என்று நோயாளரைப் புறக்கணித்தல் ஒன்று. நோவு எவ்வழி வந்ததாயினும் நோவே. எல்லா நோய்க்கும் உள்ளமே காரணமென்று துணிதல் மற்றொன்று. வயிற்றுப்புண் கவலையால் வருவதென நெடுங்காலம் பலரும் நம்பியிருந்தனர். ஆஸ்திரேலிய மருத்துவர்களாகிய பாரி மார்ஷலும் ராபின் வாரனும், அப்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணமாவது ஒருவகைக் கிருமி என்று கண்டறிந்து, 2005-இல் நோபெல் பரிசு பெற்றனர். கிருமியால் வந்த புண்ணுக்குக் கிருமியைக் கொல்லும் மருந்தே வேண்டும். மனத்திட்பம் மட்டும் போதாது.

இது பற்றியே அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கெல் 1977-இல், உடல், உள்ளம், சமுதாயச் சூழல் ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கினாலன்றி நோயை முழுதும் உணர்தல் இயலாது என்று எழுதினார். உடல்நல உளநூலுக்கு இக்கொள்கை அடித்தளமாயிற்று.

இவ்வுண்மையைக் கைக்கொள்ள நாம் மருத்துவராயிருத்தல் வேண்டா. நோயுற்ற நண்பனிடம், "நீ துணிவிழந்தமையால் அன்றோ இது வந்தது?" என்று கூறுவோமாயின், நோயின்மேற் பழியையும் அவன் தலையில் ஏற்றியவராவோம். மருந்து தவறாதிருக்கத் துணைசெய்து, அவன் அச்சத்தைப் பொறுமையோடு கேட்டு, நிகழவிருப்பதை உண்மையோடு எடுத்துரைப்போமாயின், அவன் உள்ளத்தோடு உடற்கும் உதவியவராவோம். கற்றார்க்கு இஃது இன்றியமையாக் கடனாகும்.