பெயரை மறைத்து வழக்குப் போடலாமா?

கேள்வி: எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நஷ்டஈடு கேட்க வேண்டும். ஆனால் எங்கள் லைன் வீடுகளில் சேதி ஒரே நாளில் பரவிவிடும். பெயர் தெரியாமல் வழக்காட முடியுமா?
- ஒரு வாசகர், கோலார் தங்க வயல்

பதில்: முடியும், தயங்காதீர்கள். சிவில் வழக்கில் வாதியின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது பொது விதி. கூச்சத்துக்காக மட்டும் நீதிமன்றம் அதைத் தளர்த்தாது. உங்கள் நிலை வேறு. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, பதிவேடுகளில் புனைபெயர் இடவும், மூடிய அறையில் விசாரிக்கவும், அடையாளத்தை வெளியிடாமல் தடுக்கவும் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

வழக்கைத் தாக்கல் செய்யும்போதே இதற்குத் தனி மனு கொடுக்கச் சொல்லுங்கள். இணையத்தில் ஏறிய பெயரை இறக்குவது பெரும்பாடு. 2017இல் ஒரு தந்தை, உத்தரவிலிருந்த தன் மகளின் பெயரை மறைக்கக் கோரி கர்நாடக உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. இணையத் தேடலில் அந்தப் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளும்படி நீதிமன்றம் தன் பதிவாளர் அலுவலகத்துக்கு உத்தரவிட்டது.

எதிர்த் தரப்புக்கு உங்களைத் தெரியத்தான் செய்யும். ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், கோலார் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேளுங்கள்.