நாகுக் கன்றின் முதல் எட்டு மாதங்கள்



"சுவாமி, நாகுக்கு இரண்டரை வயசாகுது. இன்னும் வேட்கைக்கு வரேல்லை. விற்றுப்போடலாமோ?" அக்குறணைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. ஊரில் நம் மாடுகள் பட்டியோடு போய் மேய்ந்து வந்தன. இங்கே நிலம் சரிவு, மேய்ச்சல் தரை குறைவு. நாம் வெட்டிப் போடுவதே கன்றின் உணவு. அதிலும் கறவைப் பசு தின்ற மிச்சமே பல வீடுகளில் கன்றுக்குக் கிடைக்கிறது. வேட்கை பிந்துவதன் காரணம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

உள்ளே நடப்பது என்ன?

பெண் கன்று தன் ஆயுளுக்கு வேண்டிய சூல்கள் அனைத்தையும் சூலகத்தில் கொண்டே பிறக்கிறது. பிறந்து சில வாரங்களில் சூலகத்தில் சிறு நீர்க்குமிழ் போன்ற புடைப்புகள் வளர்ந்து மறையத் தொடங்கும். 3 முதல் 5 மாதம் வரை மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியின் ஓமோன் சிறிது காலம் உயரும், புடைப்புகள் பெருக்கும். அதன்பின் ஓர் அமைதிக்காலம். சூலகம் சுரக்கும் சிறிதளவு ஈஸ்திரசனே மூளைக்குக் கடிவாளமாக நிற்கும். உடல் போதிய எடையை அடையும்போது, முதல் வேட்கைக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பிருந்து, அந்தக் கடிவாளம் தளரும்; கருப்பையும் விரைவாக வளரும்.

ஆகவே வயது மட்டும் கணக்கல்ல. 4 முதல் 8 மாதம் வரை நல்ல தீனி பெற்ற கன்று முந்தி வேட்கைக்கு வருகிறது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த மாதங்களில் பட்டினி கிடந்த கன்று பிந்தும். ஆயினும் பெரும்பாலும் மலடாகிவிடாது.

செய்ய வேண்டியவை

1. பிறந்த 6 மணி நேரத்துக்குள் கடும்புப்பால் கொடுங்கள்.
2. பால் மறக்கும் காலத்தில் இளம் கினியாப் புல்லும் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கொடுங்கள். வேலியிலுள்ள சீமைக்கிளுவை இலையைச் சற்று வாட வைத்து, மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் சேருங்கள். தண்ணீரும் தாது உப்பும் எப்போதும் இருக்கட்டும்.
3. மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி புழு மருந்து கொடுங்கள்.
4. ஆறு மாதத்துக்குப் பின் நாம்பனிலிருந்து பிரித்துக் கட்டுங்கள்.
5. மாதம் ஒருமுறை எடை பாருங்கள். தராசு வேண்டாம். முன்னங்காலுக்குப் பின்னே நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதே எண்ணால் பெருக்குங்கள். பின் தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரையுள்ள நீளத்தால் பெருக்கி 660 ஆல் வகுங்கள். சுற்றளவு 50, நீளம் 45 என்றால் எடை ஏறத்தாழ 170 கிலோ.

முழு வளர்ச்சியில் 350 கிலோ வரும் கலப்பினப் பசுவுக்கு 210 கிலோ, அதாவது 60 வீதம், சினைப்படுத்தும் எடை. நாளுக்கு 350 முதல் 400 கிராம் கூடினால் 17 மாதமளவில் இது கைகூடும். 26 மாதத்தில் கன்று ஈனும். முதல் வேட்கை அதற்கு முன்பே வரலாம், அவசரப்பட வேண்டாம்.

இரண்டரை வயதாகியும் வேட்கை காணாவிட்டால், விற்குமுன் அரச மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். நாம்பன் கன்றோடு இரட்டையாகப் பிறந்த நாகு பெரும்பாலும் மலடாகவே இருக்கும். அதை வாங்கும்போதே விசாரியுங்கள்.

குழுவாகக் கூடிப் பேசுவதற்கு

உங்கள் வீட்டில் கன்றுக்குத் தீனி போடுவது யார்? எந்த மாதத்தில் அது மிகவும் மெலிந்தது? அப்போது என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை?

எல்லாவற்றையும் விட்டு வந்த நம் கையில் இன்றிருப்பது ஒரு சிறு கன்று. அதன் தொட்டியை மிச்சத்தால் நிரப்பாதிருப்போம்.