ஐஸில் வைத்த ரத்தக் குழாய்

கேள்வி: அப்பாவுக்கு மாதக்கணக்காகத் தண்ணீராகப் பேதி. டாக்டர் 'வி.ஐ.பி.' ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார். லேபில் குழாயை ஐஸில் வைக்க வேண்டும் என்கிறார்கள். ஏன்? அளவு கூடினால் கட்டிதானா?

பதில்: வி.ஐ.பி. என்பது குடலில் நீரைச் சுரக்க வைக்கும் நியூரோபெப்டைடு. இதை அளவுக்கு மீறிச் சுரக்கும் அபூர்வமான கட்டிகள் பெரும்பாலும் கணையத்தில் வரும். 1958-இல் வெர்னர், மாரிசன் என்ற இரு டாக்டர்கள் விவரித்த நோய் இது. பட்டினி கிடந்தாலும் பேதி நிற்காது. அதுதான் முக்கியமான துப்பு.

ரத்தத்திலுள்ள என்சைம்கள் வி.ஐ.பி.யை வேகமாகச் சிதைத்துவிடும். அதனால்தான் என்சைமைத் தடுக்கும் மருந்து கலந்த குழாய், ஐஸ், குளிரிலேயே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து உறையவைப்பது என்று இத்தனை கெடுபிடி. குழாய் மேஜையில் சும்மா கிடந்தால், கட்டி இருப்பவருக்கும் 'நார்மல்' என்று ரிப்போர்ட் வரலாம். எனக்கு அதுதான் பெரிய பயம். பேதி கடுமையாக இருக்கும் நாளில் ரத்தம் கொடுங்கள். சந்தேகம் என்றால் மறுபடி எடுக்கலாம்.

அளவு லேசாகக் கூடியதை மட்டும் வைத்துக் கட்டி என்று சொல்லிவிட முடியாது. சி.டி., காலியம் பெட் ஸ்கேன் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். அதற்கு முன், பொட்டாசியம் எவ்வளவு என்று இன்றைக்கே கேளுங்கள். இந்தப் பேதியில் அது இறங்கிப்போய், கைகால் துவண்டு, இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.