கணக்கைத் தீர்க்காத நாணயம்

நம்பிக்கை 1: தலையே தொடர்ந்து விழுந்தால் அடுத்து பூ விழத்தான் வாய்ப்பு அதிகம், போகப் போக நாணயம் கணக்கை நேர்செய்துவிடும்.

உண்மை: போகப் போக நேராவது விகிதம், எண்ணிக்கை நேராகும் என்று எந்தக் கணிதமும் சொல்லவில்லை. இரண்டாம் உலகப்போரில் டென்மார்க்கில் காவலில் வைக்கப்பட்டிருந்த ஜான் கெரிச் என்ற கணிதவியலாளர், அங்கே ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டிப் பதிவு செய்தார். முதல் 100 சுண்டலில் தலை 44. பாதிக்கு 6 குறைவு. 1,000 ஆனபோது 502. பாதிக்கு 2 அதிகம். ‘குறைந்ததை நாணயம் ஈடுகட்டிவிட்டதே’ என்று இங்கே ஒருவர் கேட்கலாம். ஈடுகட்டுவதுதான் அதன் இயல்பென்றால், அந்த 2 அதன்பிறகு கரைந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு: இடையிடையே குறைந்தாலும், 2,000இல் 13, 5,000இல் 33, 10,000இல் 67 என்று தலையின் மிகை வளர்ந்தது. அப்படி வளர்ந்தும், 100 சுண்டலில் 44 சதவீதமாக இருந்த தலை கடைசியில் 50.67 சதவீதத்தில் வந்து நின்றது. 100இல் 6 என்பது பெரிய விலகல். 10,000இல் 67 என்பது சிறிய விலகல். பழைய விலகலை யாரும் அழிப்பதில்லை. பெருகும் மொத்தத்தில் அது சிறுத்துப் போகிறது. யாக்கோபு பெர்னூலி நிறுவி, 1713இல் அச்சான பேரெண் விதி உறுதி தருவது இவ்வளவுக்குத்தான். அடுத்த சுண்டலைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

நம்பிக்கை 2: கணக்கு சொல்வதும் சோதனை காட்டுவதும் ஒத்துப்போகாவிட்டால், இரண்டில் ஒன்று தவறு.

உண்மை: ஒத்துப்போகாமல் இருப்பதுதான் இயல்பு, எவ்வளவு விலகலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. சுண்டல்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு, அதில் பாதியை எடுத்தால் அதுவே அளவுகோல். 10,000க்கு அது 50. கெரிச்சின் 67 அதைச் சற்றே தாண்டுகிறது. குறையே இல்லாத நாணயத்தைக் கொண்டு இதே சோதனையைப் பலமுறை செய்தாலும், ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறை இந்த அளவோ இதற்கு மேலோ விலகல் வரும். ஆகவே அந்த நாணயத்தைக் குறைசொல்ல இடமில்லை.

‘எந்த விலகலையும் இயல்பு என்று சொல்லிவிட்டால், சோதனையால் என்ன பயன்?’ என்பது நியாயமான கேள்வி. விடை ஆங்கிலேய விலங்கியலாளர் வெல்டனின் பகடைகளில் இருக்கிறது. 12 பகடைகளை 26,306 முறை உருட்டிய அவருடைய பதிவில் மொத்தம் 3,15,672 முடிவுகள். ஐந்தோ ஆறோ விழ வேண்டியது 1,05,224, விழுந்தது 1,06,602. சதவீதத்தில் பார்த்தால் 33.33க்குப் பதில் 33.77. கெரிச்சின் விலகலைவிட இது சிறியது. ஆனால் இங்கே வாய்ப்பு பாதியல்ல, மூன்றில் ஒன்று என்பதால் அளவுகோலும் சற்றுக் குறையும்: இத்தனை முடிவுகளுக்கு ஏறத்தாழ 265 மட்டுமே. மிகையோ 1,378, அதாவது ஐந்து மடங்குக்கும் மேல். இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. எல்லா முகங்களுக்கும் சம வாய்ப்பு என்ற அனுமானம் அந்தப் பகடைகளுக்குப் பொருந்தவில்லை. 1900இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன், விலகல் தற்செயலானதா என்று பார்க்கும் தம் புகழ்பெற்ற கை-வர்க்கச் சோதனையை அறிமுகப்படுத்தியபோது, இந்தப் பதிவையே எடுத்து ஆராய்ந்து இதே முடிவுக்கு வந்தார்.

வகுப்பறையில் 20 முறை சுண்டி 13 தலை கண்ட மாணவரிடம் ‘தப்பாகச் செய்துவிட்டாய்’ என்று சொல்வது அநியாயம். 20க்கு அளவுகோல் இரண்டேகால். 3 விலகியது சாதாரணம். அவரிடம் கேட்க வேண்டியது, இந்த விலகல் இத்தனை சுண்டலுக்குத் தகுமா என்பதே. அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளை சூதாட்டக்காரரின் பேச்சுக்கும் ஏமாறாது, பத்துப் பேரைக் கேட்டுவிட்டு ஊரின் மனநிலை இதுதான் என்று அறிவிப்பவரையும் நம்பிவிடாது.