கதிரவனை மறைத்த புகை

காற்று எல்லார்க்கும் பொதுவானது. செல்வர்க்கு ஒரு காற்று, வறியவர்க்கு ஒரு காற்று என்று இயற்கை பிரித்து வைக்கவில்லை. ஆயினும், அக்காற்று மாசுபடும்போது விளையும் தீங்கு எல்லார்க்கும் ஒரே அளவாக அமைவதில்லை. ஒருவர் வாழும் தெரு எது, அவர் வீட்டினுள் ஒளி புகுமா, அவர் கலத்தில் விழும் உணவு எத்தகையது என்பவற்றைப் பொறுத்து அத்தீங்கு கூடுகின்றது, அல்லது குறைகின்றது. இவ்வுண்மையை உலகம் எளிதில் உணர்ந்துவிடவில்லை. எண்ணற்ற குழந்தைகளின் வளைந்த கால்களே அதனை உணர்த்தின.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டன் தொழில் வளத்தால் உலகில் முதன்மை பெற்று விளங்கியது. லண்டன், மான்செஸ்டர், கிளாஸ்கோ முதலிய நகரங்களில் ஆலைகள் பெருகின. ஆலைகளை இயக்கியது நிலக்கரி. வீடுகளில் குளிர் போக்கியதும் நிலக்கரியே. ஆலைகளின் உயர்ந்த புகைபோக்கிகளும் வீட்டுக் கணப்புகளும் இரவு பகலாகக் கரும்புகையைக் கக்கின. புகையும் பனியும் கலந்து வானத்தைப் போர்வைபோல மூடின. நண்பகலிலும் விளக்கேற்ற வேண்டிய நாள்கள் உண்டு.

இப்புகை நகரெங்கும் ஒன்றுபோலப் பரவவில்லை. அந்நாட்டில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தே வீசும். ஆதலால் நகரின் புகையெல்லாம் கிழக்குப் பகுதியில் சென்று தங்கியது. வசதியுள்ளோர் மேற்குப் பகுதியை நாடினர். வாடகை குறைந்த கிழக்குப் பகுதி உழைப்பாளிகளுக்கு உரியதாயிற்று. அங்கே வீடுகள் ஒன்றோடொன்று முதுகு ஒட்டி நின்றன. சந்துகள் குறுகியவை, சாளரங்கள் சிறியவை. புகையைத் தப்பி வந்த சிறிதளவு வெயிலும் அச்சந்துகளின் தரையைத் தொடுவது அரிதாயிற்று. அவ்வீட்டுக் குழந்தைகளின் உணவோ ரொட்டியும் உருளைக்கிழங்கும் தேநீருமே. பாலும் வெண்ணெயும் முட்டையும் அவர்கள் கண்டறியாத செல்வங்கள்.

இத்தகைய தெருக்களில் ‘ரிக்கெட்ஸ்’ என்னும் எலும்பு நோய் மிகுதியாகக் காணப்பட்டது. இந்நோய் கொண்ட குழந்தையின் எலும்பில் சுண்ணாம்புச் சத்துப் படிவதில்லை. எலும்பு உறுதியின்றிக் குழைகின்றது. நடக்கத் தொடங்கும் குழந்தையின் கால்கள், உடலின் எடையைத் தாங்கமாட்டாமல் வில்லைப்போல் வளைகின்றன. மார்புக்கூடு ஒடுங்கி உருமாறுகின்றது. அதனால் மூச்சு தளர்கின்றது. நுரையீரல் நோய்கள் எளிதில் பற்றுகின்றன. நோயுற்ற சிறுமி வளர்ந்து தாயாகும் காலத்தில், இடுப்பெலும்பு குறுகியிருப்பதால் மகப்பேறு உயிருக்கே இடராக முடிவதும் உண்டு. ஒரு தலைமுறையின் குறை அடுத்த தலைமுறையையும் வாட்டியது.

இந்நோயின் காரணம் யாது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 1822-ஆம் ஆண்டிலேயே போலந்து நாட்டு அறிஞர் சினியாடெக்கி என்பவர், வார்சா நகரின் குழந்தைகளுக்கு இந்நோய் மிகுதி என்றும், நாட்டுப்புறக் குழந்தைகளுக்கு அரிது என்றும் கண்டு, வெயிலே மருந்து என்று எழுதினார். அவர் குரலை எவரும் செவிமடுக்கவில்லை. 1889-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம், நாட்டில் எங்கெங்கே இந்நோய் உள்ளது என ஆராய்ந்து வெளியிட்டது. பெரிய நகரங்களும் தொழில் மலிந்த இடங்களுமே அதில் முன்னின்றன.

அந்நாளில் தியோபால்டு பாம் என்னும் மருத்துவர் ஒருவர் இருந்தார். அவர் ஜப்பானில் பல ஆண்டுகள் மருத்துவத் தொண்டு செய்தவர். அங்கே வறுமையை அவர் கண்டார். ஆனால் வளைந்த கால்களைக் காண்பது அரிதாயிருந்தது. தாய்நாடு திரும்பியதும் நோயுற்ற குழந்தைகளைக் கண்டு திகைத்தார். வேறுபாடு எதனால் என்று எண்ணினார். பல நாடுகளிலிருந்த மருத்துவர்களின் செய்திகளைத் திரட்டி ஒப்பிட்டார். வெயில் மிகுந்த இடங்களில் நோய் இல்லை. புகை மூடிய இடங்களில் நோய் உண்டு. கதிரவன் ஒளி குறைவதே காரணம் என்று 1890-இல் அவர் அறிவித்தார். அவர் கூற்றும் நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர்கள் இரு அணியாகப் பிரிந்து வாதிட்டனர். கிளாஸ்கோ நகர அறிஞர் லெனார்டு ஃபிண்ட்லே, நாய்க்குட்டிகளை அடைத்து வளர்த்து ஆராய்ந்தார். அவற்றை நோய் பற்றியது. ‘நல்ல காற்றும் நடமாட்டமும் இன்மையே காரணம், குற்றம் வீட்டினுடையது’ என்பது 1908-இல் அவர் கண்ட முடிவு. லண்டனில் எட்வர்டு மெல்லன்பி என்பவர், நாய்க்குட்டிகளுக்குப் பல வகை உணவுகளை ஊட்டி ஆராய்ந்தார். சத்துக் குறைந்த தானிய உணவு உண்டவை நோயுற்றன. மீன் ஈரல் எண்ணெய் பெற்றவை நலமுற்றன. ‘குற்றம் உணவினுடையது’ என்று 1919-இல் அவர் வெளியிட்டார்.

மெல்லன்பியின் கருத்துக்கு ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவு சான்றாக நின்றது. அத்தீவின் குடில்களில் புகைபோக்கி இல்லை. சாளரமும் இல்லை எனலாம். புல்கரியின் புகை வீட்டினுள்ளேயே சூழ்ந்திருக்கும். குழந்தைகள் அவ்விருளிலும் புகையிலும் வளர்ந்தனர். ஆயினும் அவர்களிடம் ரிக்கெட்ஸ் நோய் மிக அரிது. அவர்கள் மீனும் மீன் ஈரலும் உண்டு வளர்ந்தவர்கள் என்பதே அதற்குக் காரணம். கிளாஸ்கோவின் குழந்தைக்கும் இருள், லூயிஸ் தீவின் குழந்தைக்கும் இருள். ஒரு குழந்தையின் கால் வளைந்தது, மற்றொன்றின் கால் நிமிர்ந்து நின்றது. வேறுபாடு கலத்தில் இருந்தது.

அப்படியாயின் வெயில் வீண் என்பதா? அன்று. அதே காலத்தில் பெர்லின் நகரில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்னும் மருத்துவர், நோயுற்ற குழந்தைகளின்மீது பாதரச ஆவி விளக்கின் புற ஊதாக் கதிர்களைப் படச் செய்தார். எலும்புகள் உறுதி பெற்றன. ஒரு கையின்மீது மட்டும் ஒளி படச் செய்தபோதும் மற்றொரு கையின் எலும்பும் குணமடைந்தது. ஒளியினால் தோலில் ஏதோ ஒரு பொருள் உண்டாகி உடலெங்கும் பரவுகின்றது என்பது இதனால் புலனாயிற்று.

இரு கருத்துகளையும் ஒன்றுசேர்த்த பெருமை ஹாரியட் சிக் என்னும் பெண்மணிக்கு உரியது. முதல் உலகப் போரின் முடிவில் வியன்னா நகரம் பசியால் வாடியது. 1919-இல் அவர் தலைமையில் ஆராய்ச்சிக் குழு ஒன்று அங்குச் சென்று, மருத்துவமனைக் குழந்தைகளிடையே சில ஆண்டுகள் பணியாற்றியது. குளிர்காலத்தில் மீன் எண்ணெய் பெறாத குழந்தைகள் நோயுற்றனர். பெற்ற குழந்தைகள் தப்பினர். கோடையில் வெயிலில் இருந்த குழந்தைகளுக்கோ எண்ணெய் பெறாவிடினும் நோய் வரவில்லை. வெயிலும் எண்ணெயும் ஒரே பணியைச் செய்தன. 1922-இல் அமெரிக்க அறிஞர் மக்கல்லம், மீன் எண்ணெயில் எலும்பைக் காக்கும் சத்துத் தனியே உள்ளது என்று காட்டினார். அதுவே உயிர்ச்சத்து ‘டி’ எனப் பெயர் பெற்றது.

புதிர் அவிழ்ந்தது. கதிரவனின் புற ஊதாக் கதிர் தோலில் படும்போது உயிர்ச்சத்து ‘டி’ உண்டாகின்றது. சில உணவுகளின் வழியாகவும் அது கிடைக்கின்றது. உடலுக்கு இச்சத்து வந்துசேர இரண்டு வாயில்கள் உண்டு. புகை ஒரு வாயிலை அடைத்தது. வறுமை மற்றொன்றை அடைத்தது. நல்லுணவு உண்டவன் புகையின் இக்கேட்டினின்று தப்பினான். வெயில் பெற்றவன் உணவின் குறையினின்று தப்பினான். இரண்டும் இழந்தது ஏழையின் குழந்தையே. ஃபிண்ட்லேயின் குட்டிகளும் மெல்லன்பியின் குட்டிகளும் வெயில் காணாமல் உள்ளேயே வளர்ந்தவை. ஆதலின் இருவர் கண்டதும் உண்மையின் ஒவ்வொரு பாதியாகும்.

உண்மை புலப்பட்டபின் செயல் தொடர்ந்தது. நியூயார்க் நகரில் கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த ஏழ்மையான பகுதி ஒன்றில், ஆல்பிரட் ஹெஸ் என்னும் மருத்துவர் 1917-ஆம் ஆண்டளவிலேயே குழந்தைகளுக்கு மீன் எண்ணெய் வழங்கி, அவர்களில் மிகப் பலரை நோயினின்று காத்திருந்தார். பிரிட்டனில் இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில், 1942 முதல், இளங்குழந்தைகளுக்கு மீன் எண்ணெயும் ஆரஞ்சுச் சாறும் அரசின் திட்டத்தால் கிடைத்தன. வளைந்த கால்கள் தெருக்களில் அருகின.

ஆயினும் புகை அகலவில்லை. 1952 திசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் நகரைக் கொடிய புகைமூட்டம் சூழ்ந்தது. ஏறக்குறைய 4,000 பேர் மாண்டனர் என்று முதலில் கணக்கிட்டனர். 12,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்று பிற்காலத்து ஆய்வு கூறுகின்றது. முதியோரும் பச்சிளங்குழந்தைகளும் மார்பு நோயுற்றோருமே பெரிதும் மடிந்தனர். மீன் எண்ணெய் எலும்பைக் காக்கும்; நச்சுப் புகை நுரையீரலைத் தாக்குவதை அது தடுக்காது. புகையையே ஒழிக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. கரும்புகை கூடாத பகுதிகள் வகுக்கப்பட்டன.

இது பழங்கதையாய் முடிந்துவிடவில்லை. 2002-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, டெல்லியில் மாசு மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளின் குருதியில் இருந்த உயிர்ச்சத்து ‘டி’, மாசு குறைந்த பகுதிக் குழந்தைகளிடம் இருந்ததில் பாதியளவுகூட இல்லை என்று காட்டியது. அதே ஆண்டில் மெக்சிகோ நகரிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. அங்கே ஆஸ்துமா நோயுற்ற 158 குழந்தைகளுள் ஒரு சாரார்க்கு உயிர்ச்சத்து ‘சி’யும் ‘இ’யும் அளித்தனர். அவற்றைப் பெற்ற குழந்தைகளின் நுரையீரலை ஓசோன் மாசு தாக்கியது குறைவு. கடும் ஆஸ்துமா உடையோர்க்கு இப்பயன் தெளிவாகப் புலப்பட்டது. மாசு நுரையீரலைப் புண்படுத்தும்போது அதனை எதிர்த்து நிற்கும் காவலர் சிலர் உணவின் வழியாகவே உடலில் சேர்கின்றனர். பழமும் காய்கறியும் வாங்க இயலாத வீட்டில் அக்காவலும் குறைகின்றது.

நல்லுணவு ஒரு கேடயம். ஆனால் கேடயம் உண்டென்று அம்பு எய்வதை அனுமதிப்பார் உண்டோ? கேடயமும் வேண்டும், அம்பும் நிற்க வேண்டும். சாலையோரத்துச் சிறு வீட்டிலும் ஆலையருகே உள்ள குடிசையிலும் வாழும் குழந்தைக்குத் தூய காற்றும் நல்லுணவும் ஒருங்கே கிடைக்கும் நாளில்தான், காற்று எல்லார்க்கும் பொது என்ற சொல் முழு உண்மையாகும்.

பயிற்சி வினாக்கள்

1. பிரிட்டன் நகரங்களின் கிழக்குப் பகுதிகளில் புகை மிகுந்திருந்தது ஏன்?
2. லூயிஸ் தீவின் குழந்தைகள் புகையில் வளர்ந்தும் ரிக்கெட்ஸ் நோயினின்று தப்பியது எவ்வாறு?
3. ‘இருவர் கண்டதும் உண்மையின் ஒவ்வொரு பாதியாகும்’ – இக்கூற்றை விளக்குக.
4. நல்லுணவு மட்டுமே போதாது என்பதை 1952-ஆம் ஆண்டு நிகழ்ச்சி எங்ஙனம் காட்டுகின்றது?