கயாக்கில் ஏறும் முன்: துடுப்பு விஷயத்தில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கயாக் எடுத்த அரை மணி நேரத்திலேயே தோள்வலியோடு கரையேறுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உடம்பில் தெம்பு இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் தெம்பெல்லாம் தண்ணீரைக் கலக்குவதிலேயே போயிருக்கும். சேற்றில் ஊன்றிய கழி போலத் துடுப்பின் பிளேடு தண்ணீரில் நிற்க வேண்டும். படகுதான் அதைத் தாண்டி முன்னே போக வேண்டும்.

செய்ய வேண்டியவை

• லைஃப் ஜாக்கெட்டின் பக்கிள்களை எல்லாம் மாட்டி இறுக்குங்கள். தொளதொளவென்று இருந்தால் தண்ணீரில் விழுந்ததும் முகத்துக்கு ஏறிவிடும்.

• பிளேடின் குழிந்த பக்கம் உங்களைப் பார்க்கட்டும். ஒரு ஓரம் நீளமாக இருந்தால் அது மேலே வரட்டும். துடுப்பு சாய்வாக இறங்கும்போது தண்டுக்கு இருபுறமும் சம பரப்பு நனையும், கையில் முறுக்காது.

• பாதத்துக்கு நேரே இறக்குங்கள், பிளேடு முழுக்க மூழ்கிய பிறகே இழுங்கள். அவசரப்பட்டால் பிளேடின் பின்பக்கம் காற்று புகுந்து பிடிமானம் போய்விடும். 'சளப்' என்ற சத்தமும் நுரையும்தான் அடையாளம். சரியாக இறங்கிய பிளேடு சத்தமே போடாது.

• இடுப்புக்கு நேரே வந்ததும் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் இழுத்தால் பிளேடு தண்ணீரை மேலே தூக்கும், படகின் பின்பகுதி அமுங்கும்.

• கையால் இழுக்காமல் உடம்பைத் திருப்பி இழுங்கள். வலப்பக்கம் இறக்கும்போது வலது தோள் முன்னே போகட்டும், வலது கால் மிதியை அழுத்தட்டும். துடுப்பில் கிடைக்கும் விசை கால், இருக்கை வழியாகத்தான் படகுக்குப் போய்ச் சேருகிறது.

• படகை ஒட்டியே இழுங்கள். விலகினால் மூக்கு திரும்பும். பந்தயக்காரர்களின் விங் துடுப்பு மட்டும் விதிவிலக்கு. அது வெளிப்பக்கமாக நகர்ந்தபடியே விமான இறக்கையின் விதியில் வேலை செய்கிறது.

செய்யக்கூடாதவை

• பெரிய பிளேடாகப் பார்த்து வாங்காதீர்கள். கடையில் சொல்லும் கணக்கு சரிதான்: இருமடங்கு தண்ணீரைப் பாதி வேகத்தில் தள்ளினால் அதே விசை கிடைக்கும், தண்ணீரில் வீணாகும் சக்தி பாதியாகும். ஆனால் ஒவ்வொரு இழுப்பின் பாரத்தையும் தாங்குவது உங்கள் தோள்மூட்டு. நாள் முழுக்கப் போகிறவருக்குச் சிறிய பிளேடும் சற்று வேகமான தாளமும்தான் நல்லது. கிரீன்லாந்தின் இனுயிட் வேட்டைக்காரர்கள் ஒல்லியான துடுப்பை வைத்துக்கொண்டே கடலில் போய் வந்தார்கள்.

• தண்டை இறுக்கிப் பிடிக்காதீர்கள். மணிக்கட்டு வீங்கிவிடும்.

• வேகத்துக்காக முட்டி மோதாதீர்கள். வேகம் இருமடங்கானால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்கு. படகின் முன்னால் அலை எழும்பத் தொடங்கினால் அதற்கு மேல் போடும் உழைப்பு அந்த அலைக்குத்தான் போகும்.

• படகு தானாகத் திசைமாறித் திரும்பும்போது பின்னோக்கித் துடுப்பு போடாதீர்கள். அது பிரேக். எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கமே அகலமாக ஒரு வளைவு போடுங்கள்.

• கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது உள்ளே போகாதீர்கள். போகும்போது சுகமாக இருக்கும். திரும்பும்போது ஒவ்வொரு இழுப்பையும் காற்று பிடுங்கிக்கொள்ளும்.