நடக்கும் கடையை விலைக்கு வாங்குமுன்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. விலை கொடுத்து வாங்கும் மாட்டுக்கு அது பொருந்தாது. புதிதாகக் கடை தொடங்குவதைவிட, நடந்துகொண்டிருக்கும் கடையை வாங்குவது எளிது என்று நம் வாடிக்கையாளர்களில் பலர் கருதுகின்றனர். முதல் நாளே விற்பனை உண்டு; தொழில் தெரிந்த வேலையாட்கள் உண்டு. ஆயினும், கடை கைமாறும்போது வேண்டாதவை சில உடன் வருகின்றன. உடன் வரும் என்று நம்பியவை சில வாராமலே போகின்றன. இவ்விரண்டையும் பிரித்தறிவதே வாங்குபவரின் முதற்கடமை. பழைய வாடகைக் கடைகள் நிறைந்த கொல்கத்தாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவோம்.

சொல்லும் இலாபமும் கைக்கு வரும் இலாபமும்

தமிழர் நெடுங்காலமாக வாழும் லேக் மார்க்கெட் பகுதியில் ஒரு சிற்றுண்டிக் கடை 20 லட்சம் ரூபாய்க்கு விலைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு இலாபம் 6 லட்சம் என்கிறார் உரிமையாளர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவரும் அவர் மகனும் சம்பளமின்றி உழைக்கின்றனர். மகனுடைய இடத்தில் மாதம் 15,000 ரூபாய்க்கு நாம் ஓர் ஆளை அமர்த்தினால் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் குறையும். 4,000 ரூபாயாக உள்ள மாத வாடகையைப் புதியவருக்கு 9,000 ஆக்குவேன் என்று வீட்டுக்காரர் சொன்னால் மேலும் 60,000 குறையும். மீதி 3,60,000.

இனி, விலையில் 12 லட்சத்தை 11 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 26,100 ரூபாய். ஆண்டுக்கு 3,13,000 ரூபாய். இறுதியில் எஞ்சுவது 47,000. நாம் நாள்முழுதும் கடையில் நின்று உழைத்த பின்னும், ஓராண்டுக் குடும்பச் செலவுக்கு அதுவே கிடைக்கும். ஆகவே, விலையைப் பேசுமுன் இக்கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தல் வேண்டும்.

விற்பனைத் தொகையை வாய்மொழியாக ஏற்றல் கூடாது. மூன்றாண்டு வருமான வரிப் படிவங்கள், ஜிஎஸ்டி படிவங்கள், வங்கிக் கணக்கு அறிக்கைகள் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பால், எரிவாயு, மின்சாரம் ஆகியவற்றின் ரசீதுகளும் உண்மை பேசும். துர்க்கா பூசைக் கால விற்பனையைக் கொண்டு ஆண்டு விற்பனையை மதிப்பிடுவது தவறு. மழைக்கால மாதம் ஒன்றின் கணக்கையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும்.

வேண்டாமலே உடன் வருபவை

ஒரு தொழில் கைமாறும்போது, கைமாறிய நாள்வரையிலான ஜிஎஸ்டி வரி, வட்டி, அபராதம் ஆகியவற்றுக்கு விற்றவரும் வாங்கியவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவர் என்று மத்திய சரக்கு, சேவை வரிச் சட்டத்தின் 85ஆம் பிரிவு கூறுகிறது. அந்தப் பாக்கி, கடை கைமாறிய பின்னரே கண்டறியப்பட்டாலும் பொறுப்பு நீங்காது. வருங்கால வைப்பு நிதிப் பாக்கிக்கும் இத்தகைய கூட்டுப் பொறுப்பு உண்டு. எனினும் வாங்கியவரின் பொறுப்பு, அவர் பெற்ற சொத்துகளின் மதிப்பளவோடு நிற்கும். பழைய வேலையாட்களைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதானால், அவர்களுடைய பணிக்கொடைக் கணக்கை யார் தீர்ப்பது என்பதையும் முன்னரே முடிவு செய்தல் நலம்.

சரக்கின் மீதோ இயந்திரங்களின் மீதோ வங்கிக் கடன் இருக்கலாம். கடன் தந்த வங்கியின் ஆட்சேபமின்மைச் சான்று இன்றி அவற்றுக்குப் பணம் கொடுத்தல் ஆகாது. விற்பது நிறுவனமாயின் கம்பெனிப் பதிவாளரிடமும், எவ்வகைத் தொழிலாயினும் ‘செர்சாய்’ என்னும் மத்தியப் பதிவேட்டிலும் அடமானங்களைத் தேடிப் பார்க்கலாம்.

நம்பியும் உடன் வாராதவை

முதலாவது, இடம். கடையை விற்பவர் பெரும்பாலும் கட்டடத்துக்கு உரியவர் அல்லர், வாடகைதாரரே. வீட்டுக்காரரின் முன் எழுத்துச் சம்மதம் இன்றி இடத்தைப் பிறர் வசம் ஒப்படைப்பது, மேற்கு வங்காள வாடகைச் சட்டம், 1997இன்படி, வெளியேற்றத்துக்குரிய காரணமாகும். ‘செலாமி’ என்ற பெயரில் பெருந்தொகையை ரொக்கமாகக் கொடுத்து இடத்தைப் பெறும் வழக்கம் கொல்கத்தாவில் பழையது. ரசீதில்லாத அப்பணம் எந்த உரிமையையும் நிலைநாட்டாது. எந்தக் கணக்கிலும் ஏறாது. நிலம் ‘டிக்கா’ வகையினதாயின் உரிமை மாநில அரசைச் சேர்ந்தது. டிக்கா கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் விசாரித்த பின்னரே மேற்கொண்டு பேச வேண்டும்.

இரண்டாவது, உரிமங்கள். மாநகராட்சியின் தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜிஎஸ்டி பதிவு ஆகியவை விற்றவரின் பெயரில் உள்ளவை. சுவரில் மாட்டியிருப்பதனாலேயே அவை நமக்கு உரியவை ஆகா.

மூன்றாவது, காப்பீடு. 2018 செப்டம்பரில் கானிங் தெருவின் பாக்ரி சந்தையில் பற்றிய தீ நாட்கணக்கில் எரிந்தது. நெருக்கமான பழைய சந்தைகளில் இத்தகைய ஆபத்து எப்போதும் உண்டு. காப்பீட்டு நிறுவனத்தின் சம்மதமின்றி, பழைய உரிமையாளரின் தீக்காப்பீடு புதியவரைக் காவாது. சாவியைப் பெறும் நாளிலேயே நம் பெயரில் காப்பீடு இருத்தல் வேண்டும்.

பெயருக்குக் கொடுக்கும் விலை

பார்க் தெருவின் ட்ரிங்காஸ் தேநீர் விடுதி 1959இல் கைமாறியது. வாங்கியவர்கள் பெயரை மாற்றவில்லை, இசையைச் சேர்த்தனர். உஷா உதுப் பாடிப் புகழ்பெற்ற மேடை அது. இவ்வாறு ஒரு பெயருக்கு விலை உண்டு. ஆனால், பெயரை விற்றவரே எதிர்வரிசையில் இன்னொரு கடை திறந்தால் அவ்விலை வீணாகிவிடும்.

இதற்கு வாய்மொழி உறுதி போதாது என்பதைக் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் 1874ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றால் அறியலாம். நகரின் ஒரே பகுதியில் பித்தளைத் தொழில் செய்த இருவரில் ஒருவர், மற்றவர் கடையை மூடினால், அவர் தம் ஆட்களுக்குக் கொடுத்த முன்பணத்தைத் தாம் தருவதாக ஒப்புக்கொண்டார். கடை மூடப்பட்டது, பணம் வரவில்லை. தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இன்றும் அவ்வாறே உள்ளது. அதில் விதிவிலக்கு ஒன்று உண்டு: நற்பெயரை, அதாவது குட்வில்லை, விற்பவர், நியாயமான குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்வதில்லை என்று ஒப்புக்கொள்ளலாம். ஆகவே, நற்பெயரும் விற்கப்படுகிறது என்பதையும், எல்லை எது என்பதையும் பத்திரத்தில் தெளிவாக எழுதுதல் இன்றியமையாதது.

கையொப்பத்துக்கு முன்

1. வாங்குவது நிறுவனத்தின் பங்குகளா, கடையின் சொத்துகளா என்று தெளிக. பங்குகளாயின் பழைய கடன்கள் அனைத்தும் நிறுவனத்தோடே தொடரும்.
2. வீட்டுக்காரரின் சம்மதத்தையும் புதிய வாடகையையும் எழுத்தில் பெறுக.
3. சரக்கை நேரில் எண்ணுக. விற்காமல் தேங்கியதற்கு விலை கொடாதீர்.
4. விலையின் ஒரு பகுதியைக் குறித்த காலம்வரை நிறுத்திவைத்து, பழைய பாக்கி எழுந்தால் அதிலிருந்து கழிக்கும் விதியைப் பத்திரத்தில் சேர்க்க.
5. பணம் முழுவதையும் வங்கி வழியே செலுத்துக.
6. பட்டயக் கணக்காளர், வழக்குரைஞர் ஆகிய இருவரும் பார்க்குமுன் முன்பணம் கொடாதீர்.

கடன் கோரி வரும்போது வங்கி கேட்கும் ஆவணங்கள் பெரும்பாலும் இவையே. அவற்றைத் தொல்லையாகக் கருதாமல், நம் சேமிப்புக்கான காவலாகக் கொள்வோம். கேட்ட ஆவணங்களைக் காட்ட விற்பவர் தயங்கினால், அந்தக் கடையை விட்டுவிடுவதே நன்று.